காந்தாரி மிளகாய் விதை முளைக்கவே மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை (திருவாரூர் மாவட்டம்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கொல்லையில் கிளுவை வேலியோரம் தானாக வளர்ந்த காந்தாரி மிளகாய்ச் செடி ஒன்று நிற்கிறது. சிறிய காய், வானத்தைப் பார்த்து நிற்கும், காரம் தாங்காது. ஐப்பசி மழையில் வேரடியில் தண்ணீர் தேங்கியதால் செடியின் ஒரு பக்கம் பட்டுவிட்டது. முழுவதும் போவதற்குள் கன்றுகளை உண்டாக்கிவிட வேண்டும் என்று தவிக்கிறேன். மார்கழியில் பழங்களைப் பிதுக்கி விதை எடுத்து, அன்றைக்கே கொல்லை மண் நிரப்பிய தட்டில் விதைத்தேன். பக்கத்துத் தட்டில் போட்ட சம்பா மிளகாய் முளைத்து இலை விட்டுவிட்டது. இதில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. கிளறிப் பார்த்தால் விதை அழுகாமல் அப்படியே கிடக்கிறது. குருவி தின்று எச்சமிட்டால்தான் முளைக்கும் என்கிறார் எதிர்வீட்டுப் பெரியம்மா. அது உண்மையா?

தோப்புக்காரன் (பட்டுக்கோட்டை):
விதை அழுகவில்லை என்பதே நல்ல செய்தி தம்பி. அது உறக்கத்தில் இருக்கிறது. நாம் பயிரிடும் மிளகாயில், போட்டவுடன் முளைப்பதையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். தானாக வளரும் சாதிகளில் அப்படி யாரும் பொறுக்கவில்லை. அதனால் ஒரே பழத்து விதைகூட ஒரே நாளில் முளைக்காது. மூன்று, நான்கு வாரம் ஆவது சாதாரணம். அதற்கு மேலும் ஆகலாம். தட்டைக் கொட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் குளிர். மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். மார்கழி இரவில் நம் பக்கம் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது, ஈரக் களிமண் இன்னும் குளிர்ந்துபோகும். மண்ணையும் மாற்றுங்கள். ஆற்று வண்டல் நெல்லுக்குத்தான் சொத்து, தட்டில் போட்டால் மேலே ஓடு கட்டிவிடும். நன்றாக மட்கிய தென்னை நார்க்கழிவு, மணல், மண்புழு உரம் கலந்து, அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் விதையுங்கள்.

வேளாண் மாணவி (தஞ்சாவூர்):
அண்ணா, பெரியம்மா சொல்வதில் பாதி சரி. காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை. எலி, அணில் போன்றவைக்கு உறைக்கும். 2001-இல் டியூக்ஸ்பரி, நப்ஹான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவின் அரிசோனாவில் காட்டு மிளகாயை ஆராய்ந்து வெளியிட்டார்கள். காரமில்லாத மிளகாயைக் கொறிவிலங்குகளுக்குக் கொடுத்தபோது, அவை தின்ற விதை முளைக்கவில்லை. பறவை வயிற்றைக் கடந்த விதையோ, பழத்திலிருந்து நேராக எடுத்த விதைக்குச் சமமாக முளைத்தது. ஆகவே எச்சம் கட்டாயம் இல்லை. பொலிவியாவில் இன்னொரு காட்டு மிளகாயில் பறவையின் குடல் விதைமேல் இருக்கும் பூஞ்சையைக் குறைத்து, விதை பிழைப்பதைப் பல மடங்கு கூட்டியது. அந்த வேலையை நாம் செய்யலாம். நன்கு சிவந்த பழத்தை மட்டும் எடுத்து, சதை துளியும் ஒட்டாமல் கழுவி, நிழலில் உலர்த்தி, சில வாரம் வைத்திருந்து விதையுங்கள். அன்றன்றைக்கு எடுத்த விதையில் உறக்கம் அதிகம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

விதைக்கடை (மன்னார்குடி):
உறக்கத்தைக் கலைக்க ஜிப்ரெல்லிக் அமிலம் என்ற பயிர் வளர்ச்சி ஊக்கி உதவும். லிட்டருக்கு 500 மில்லிகிராம், ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். ஆனால் தெளிப்பதற்காக விற்கும் 0.001 சதவீதத் திரவத்தை வாங்கிவிடாதீர்கள். அதில் சரக்கு இதற்குப் போதாது. தூள் கிடைத்தால் முதலில் சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்துக்கொள்ளுங்கள், வெறும் தண்ணீரில் எளிதில் கரையாது. அளவு கூடினால் நாற்று நெட்டையாக ஓடிச் சாய்ந்துவிடும்.

என்னைக் கேட்டால் பொட்டாசியம் நைட்ரேட்டே போதும். உரக்கடையில் 13-0-45 என்று கேளுங்கள். லிட்டருக்கு 2 கிராம், அதாவது 0.2 சதவீதம். விதைப் பரிசோதனைக் கூடங்களில் மிளகாய்க்குப் பயன்படுத்தும் அளவும் இதுதான். ஒரு நாள் ஊறியபின் ஈரத்துணியில் முடிந்துவிடுங்கள். பம்புசெட்காரர்கள் கோடை நெல்லுக்கு முளை கட்டும் நேரம் இது. அந்த நெல் மூட்டைக்கு அருகில் முடிச்சை வைத்தால் இதமான சூடு கிடைக்கும். மூட்டைக்குள் புதைக்காதீர்கள், நடுவில் சூடு மிகுந்து விதை வெந்துவிடும்.

வெண்ணாற்றங்கரை:
எல்லோருக்கும் மிக்க நன்றி. விதையை இரண்டாகப் பிரித்து, பாதியை 13-0-45 கரைசலிலும் பாதியைத் தண்ணீரிலும் ஊற வைத்து, சித்தப்பா வீட்டு நெல் மூட்டையை ஒட்டி வைத்தேன். கரைசலில் ஊறிய முடிச்சில் பல விதைகள் வாய் பிளந்து வெள்ளை முளை காட்டுகின்றன! மற்றதில் இப்போதுதான் ஒன்றிரண்டு. பெரியம்மாவிடம் காட்டினேன், தனக்கும் ஒரு கன்று வேண்டும் என்கிறார். முளைத்ததைத் தட்டில் மாற்றிவிட்டேன். இனி எதில் கவனமாக இருக்க வேண்டும்?

தோப்புக்காரன்:
நாற்றழுகல்தான் இனி எதிரி தம்பி. தண்டு மண்ணைத் தொடும் இடம் நைந்து, நாற்று அப்படியே படுத்துவிடும். ஊற்றித் தண்ணீர் விடாதீர்கள். காலையில் தெளித்தால் போதும், மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். கலவையில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்த்துவிடுங்கள். வைக்கோல் மூடியிருந்தால் முளை தலைகாட்டியதும் எடுத்துவிடுங்கள். ஆறிலை வந்தபின் மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள், உங்கள் கொல்லையில் தண்ணீர் நிற்கிறது என்கிறீர்களே. முழு வெயில் வேண்டாம், வேலியோர அரைநிழலே அதற்குப் பிடிக்கும். தாய்ச்செடியில் மிஞ்சியிருக்கும் பழங்களுக்கு இன்றே வலைத்துணி கட்டுங்கள், கொண்டைக்குருவி முந்திக்கொள்ளும்.