வீட்டிலேயே பின்சக்கர டிஸ்க் பிரேக் மாற்றும் வேலை: பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது

கேள்வி (தேவகோட்டை)

அனைவருக்கும் வணக்கம். அப்பா வாங்கி இப்போது என் பொறுப்பில் இருக்கும் 2008ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக்கின் பின்சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டுகளான டிஸ்க்குகளையும், அவற்றை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேடுகளையும் வீட்டிலேயே மாற்றலாம் என்று முந்தாநாள் வேலையைத் தொடங்கினேன். நாங்கள் சென்னையில் இருப்பதால், முன்னோருக்கான படைப்புக்கும் பிள்ளையார் நோன்புக்கும் ஊருக்கு வரும் சில நாள்களைத் தவிர, ஆண்டு முழுவதும் வண்டி பின்கட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. இம்முறை எடுத்தபோது இடது பின்சக்கரத்தில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. கழற்றிப் பார்த்ததில், அந்தச் சக்கரத்தின் உட்பக்கப் பேடு தகடு வரை தேய்ந்து டிஸ்க்கில் கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. வெளிப்பக்கப் பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. வலது சக்கரத்தில் இரண்டு பேடுகளும் ஒரே அளவாகத் தேய்ந்துள்ளன.

புதுப் பேடு உட்காருவதற்காக, பேடுகளை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள சி கிளாம்ப்பை வைத்து எவ்வளவு முறுக்கியும் அது மயிரிழைகூட அசையவில்லை. விசாரித்த ஒரு பட்டறையில், பிஸ்டனையும் பேடுகளையும் தாங்கும் காலிப்பர் இறுகிவிட்டது, முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். போதாததற்கு, டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு திருகாணிகளில் ஒன்றின் தலை மழுங்கிவிட்டது. காலிப்பரை மாற்றித்தான் ஆக வேண்டுமா? பழைய டிஸ்க்கை லேத்தில் கடைந்து பயன்படுத்தலாமா? அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் (காரைக்குடி)

தம்பி, முதலில் அந்தக் கிளாம்ப்பைக் கழற்றி வையுங்கள். உங்கள் காலிப்பர் கெட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. முன்சக்கரக் காலிப்பரின் பிஸ்டன் நேராகத் தள்ளினால் உள்ளே போகும். ஆனால் இந்த வண்டியின் பின்சக்கரத்தில் ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பருக்குள் அமைந்திருப்பதால், பிஸ்டனுக்குள் ஒரு மரைத்தண்டு இருக்கிறது. பேடு தேயத் தேயப் பிஸ்டன் அந்த மரையில் ஏறி வெளியே வரும். ஆகவே உள்ளே போவதற்கும் அது சுற்றித்தான் போக வேண்டும். நேராக அழுத்தினால் அந்த மரையும் ஹேண்ட் பிரேக் அமைப்பும்தான் பழுதாகும். பிஸ்டனின் முகத்தைப் பாருங்கள், வெட்டுப் பள்ளங்கள் தெரியும். அவற்றில் நீண்ட மூக்குப் பிளையரின் இரு முனைகளையும் ஊன்றி, மெல்ல அழுத்தியபடியே கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கூடவே முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். முழுதாக உள்ளே போனபின், உட்பக்கப் பேட்டின் முதுகில் உள்ள சிறு முளை பிஸ்டனின் பள்ளத்தில் சரியாக விழும்படி பிஸ்டனைத் திருப்பி நிறுத்த வேண்டும். இதைக் கவனிக்காமல் பூட்டினால் பேடு சாய்ந்து உட்கார்ந்து மறுபடியும் ஒருபக்கமாகவே தேயும்.

இதைச் செய்யும்போது பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்து, அளவு மேல் கோட்டைத் தாண்டினால் சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். அது பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழற்றிய காலிப்பரை பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டி வையுங்கள்.

ஆனால் உண்மையான கேள்வி, உட்பக்கப் பேடு மட்டும் ஏன் தீர்ந்தது என்பதுதான். அதற்கு விடை தெரியாமல் புதுப் பேடு போட்டால் அதுவும் அதே வழியில் போய்விடும். காலிப்பர் இரண்டு பின்கள் (சிறு இரும்புத் தண்டுகள்) மேல் பக்கவாட்டில் வழுக்கி நகர்வதால்தான் வெளிப்பக்கப் பேடும் டிஸ்க்கைப் பிடிக்கிறது. அந்தத் தண்டு துருப்பிடித்து இறுகினால் பிஸ்டன் பக்கத்துப் பேடே முழுப் பாரத்தையும் சுமக்கும். இரண்டு பின்களையும் உருவிப் பாருங்கள். விரலால் தள்ளினாலே நகர வேண்டும். துருவை எடுத்துவிட்டு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸை மட்டும் தடவுங்கள். சாதாரணக் கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். அடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கியபின் காலிப்பரின் பின்னால் உள்ள நெம்புகோல் தன் முட்டுவரை முழுதாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லையென்றால் கேபிளுக்குள்ளும் துரு இருக்கிறது.

பதில் (புதுவயல்)

நானும் என் வீட்டுக்காரரும் நெடுங்காலம் லேத் பட்டறை நடத்தியவர்கள் என்பதால் டிஸ்க்கைப் பற்றிச் சொல்கிறேன். கடைவதைப் பற்றி யோசிக்க வேண்டாம். பின்சக்கர டிஸ்க் நடுவில் காற்றிடைவெளி இல்லாத ஒற்றைத் தகடு. இதற்குக் கீழ் தேயக் கூடாது என்ற அளவை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். நீங்கள் சொல்லும் பள்ளங்களைக் கடைந்து எடுத்தால் பெரும்பாலும் அந்த அளவுக்குக் கீழே போய்விடும். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதிதாக மாற்றுவதே முறை.

தலை மழுங்கிய திருகாணியைத் துளையிட்டு எடுத்துவிடலாம். அது டிஸ்க்கை இடத்தில் நிறுத்துவதற்கு மட்டும்தான். இறுக்கிப் பிடிப்பவை வீல் நட்டுகளே. மற்ற ஆணியைத் திருப்புமுன், பொருத்தமான முனையை அதில் வைத்துச் சுத்தியலால் நான்கு அடி அடித்தால் துருவின் பிடி விடும். ஆணி வந்தபிறகும் டிஸ்க், சக்கரம் மாட்டும் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தால், அதிலேயே மரை வெட்டிய இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்குங்கள்; டிஸ்க் தானாக வெளியே வரும்.

பலர் செய்யாமல் விடும் ஒரு வேலை இருக்கிறது. ஹப்பின் முகத்தில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். அங்கே நகக்கண் அளவுத் துருப்பொடி இருந்தாலும், புது டிஸ்க் சாய்ந்து உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் பிரேக் பெடலில் துடிப்பு வரும். புது டிஸ்க்கின் மேல் உள்ள எண்ணெய்ப் பூச்சையும் துடைத்துவிட்டே மாட்டுங்கள்.

பதில் (கானாடுகாத்தான்)

ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ஊர்ச் செம்மண்ணில் ஜாக்கியை நேராக வைக்காதீர்கள். மழை ஈரத்தில் அது மெல்லப் புதையும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையிலும் வைக்க வேண்டாம், கல் விண்டுவிடும். அகலமான கனத்த பலகையின் மேல் ஜாக்கியை வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் வண்டியை இறக்கியபிறகே கையை உள்ளே விடுங்கள். செங்கல் அடுக்கு ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கித்தான் இந்த வேலையைச் செய்ய முடியும் என்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுப்பது கட்டாயம்.

கேள்வி கேட்டவர்

அண்ணன் சொன்னபடி திருப்பியதும் பிஸ்டன் இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விட்டது. இடது காலிப்பரின் பின்களில் ஒன்றைப் பிளையரால் பிடித்து இழுத்துத்தான் உருவ முடிந்தது. அதன் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறுபோலத் துரு இருந்தது. பின்னும் உறையும் சேர்ந்த சிறு கிட்டை வாங்கி மாற்றிவிட்டேன். நெம்புகோல் நன்றாகத் திரும்புகிறது. ஆச்சி சொன்ன துளைகளில் போல்ட்டை முறுக்கியதும் டிஸ்க் ‘டக்’ என்ற சத்தத்தோடு விட்டது. வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 108 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கியிருக்கிறேன். காலிப்பர் வாங்கும் செலவு மிச்சம். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இனி வண்டியை எடுக்கலாமா?

பதில் (காரைக்குடி)

எடுக்குமுன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மெல்ல மிதியுங்கள். அதற்குப் பிறகே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். பிறகு அதிகாலையில் ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 15 வரை நிதானமாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுங்கள். ஓர் எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தால் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படியும். திரும்பி வந்ததும், சூடு ஆறும்வரை ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டாம்.

சென்னைக்குக் கிளம்பும்போதும் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் போங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் இறுகி நிற்கும் பேடு டிஸ்க்கோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வீட்டைப் பார்த்துக்கொள்பவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமானால், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தெருக்கோடி வரையாவது எடுத்து வரச் சொல்லுங்கள்.