ஆடியாலஜி (கேட்கும் திறனைச் சோதிக்கும் துறை) படிக்கும்போது நீங்கள் சந்தித்த மறக்க முடியாத ஆட்கள்?

நானே தொடங்குகிறேன். முதல் வருடம் ஒலியின் இயற்பியல், காதின் அமைப்பு என்று புத்தகத்தோடு போய்விடும். உட்செவியில் நத்தைக்கூடு போல் சுருண்டிருக்கும் காக்ளியாவை நேராக நீட்டினால் சுமார் 35 மில்லிமீட்டர், அதற்குள் ஒலியை உணரும் உள்வரிசை மயிர்ச் செல்கள் 3,500 போல, வெளிவரிசை 12,000 போல. பரீட்சைக்கு இது போதும். ஒலிபுகா அறையில் ஒருவரை உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிவிட்ட பிறகுதான் உறைக்கிறது: நம் கைக்கு வருவது அவர் பட்டனை அழுத்துவது மட்டும்தான். காதைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் அதிலிருந்து ஊகிப்பதே.

செய்முறை எளிது. 1000 ஹெர்ட்ஸில் தொடங்குவோம். பதில் வந்தால் 10 டெசிபல் இறக்குவோம், வராவிட்டால் 5 ஏற்றுவோம். ஏற்றிக்கொண்டு போகும்போது பாதித் தடவையாவது பதில் கிடைக்கிற மிகக் குறைந்த அளவுதான் த்ரெஷோல்டு.

ஒரு பெரியவர் வந்தார். நூற்றுக்கு நூறு நிச்சயமானால்தான் அழுத்துவேன் என்கிற ரகம். 45 வரை பதிலே இல்லை. ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் 30இலேயே புருவம் லேசாக ஏறுகிறது, கட்டைவிரல் பட்டன் மேல் போய்த் தயங்கி நிற்கிறது. நிறுத்திவிட்டு உள்ளே போய், "ஐயா, கேட்ட மாதிரி சந்தேகம் வந்தாலே அழுத்துங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்லை" என்றேன். அப்புறம் 30இலேயே பதில் வந்தது. 45 என்றால் மிதமான குறைபாடு, 30 என்றால் லேசானது. பரிசோதகர் குனிந்து இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு மனிதர் ஒரு படி கீழே இறங்கிவிடுவார்.

இதற்கு நேர்மாறாக ஒரு அம்மா, ஒலியே அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டே இருந்தார். விசாரித்ததில் அவருக்குக் காதில் எந்நேரமும் இரைச்சல். நாங்கள் அனுப்பும் டோனும் அவருடைய இரைச்சலும் ஒரே மாதிரி கேட்டிருக்கிறது. தொடர்ந்து ஒலிக்கும் டோனை விட்டுவிட்டு, துடித்துத் துடித்து வரும் டோனைக் கொடுத்ததும் ஒழுங்காகிவிட்டது. இடைவெளியையும் ஒரே தாளத்தில் விடக்கூடாது, ஆள் தாளத்தைப் பிடித்துவிடுவார்.

* * *

தாளம் என்றதும் என் ஆள் ஞாபகத்துக்கு வருகிறான். வயது மூன்று. சத்தம் கேட்டால் ஒரு கட்டையை டப்பாவில் போட வேண்டும், அதுதான் விளையாட்டு. அருமையாகப் போட்டான். எந்த அலைவெண் எந்த அளவில் கேட்கிறது என்று குறிக்கும் ஆடியோகிராம் வரைபடத்தில் புள்ளிகள் அழகாக விழுந்தன. பின்னால் நின்ற ஆசிரியை ஒரு அட்டையை எடுத்து என் கைகளையும் தோளையும் மறைத்தார். அவ்வளவுதான், பையன் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறான். அதுவரை அவன் கவனித்தது என் தோளின் அசைவை! குழந்தைகள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள் என்பதால் எல்லா அலைவெண்ணையும் வரிசையாக எடுக்க நேரமிருக்காது. முதலில் 2000, பிறகு 500, இரண்டு காதிலும். மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

பச்சைக்குழந்தைகளிடம் பட்டனும் இல்லை, கட்டையும் இல்லை. பேகேஷி என்ற விஞ்ஞானி, ஒலி வரும்போது காக்ளியாவுக்குள் ஓடும் அலையை இறந்தவர்களின் காதில் பார்த்து, அதற்கு 1961இல் நோபல் பரிசு வாங்கினார், உயிருள்ள காது தானே மெல்லிய ஒலியைத் திருப்பி அனுப்பும் என்று கெம்ப் என்ற இன்னொரு விஞ்ஞானி 1978இல் காட்டினார். பாடத்தில் இது இரண்டு வரி. தூங்கும் குழந்தையின் காதில் சின்ன முனையைச் செருகி, அந்தத் திரும்பி வரும் ஒலி திரையில் எழும்பியபோது வாயைப் பிளந்து நின்றேன். சரி, அதை மட்டும் நம்பிவிடவும் முடியாது. அது வெளிவரிசைச் செல்கள் வேலை செய்வதைத்தான் சொல்லும். நரம்பு வழியாகச் செய்தி மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்க்கத் தலையில் மின்முனை ஒட்டி, ஒலிக்குப் பதிலாக மூளைத்தண்டில் எழும் மின் அலைகளில் ஐந்தாம் அலையைத் தேட வேண்டும்.

* * *

நல்ல இழை. நான் பார்த்தவன் வேறு மாதிரி. பதின்ம வயதுப் பையன், வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை என்றான். இடது காது முழுக்க நன்றாக இருந்தது. வலதில் 90 வரை ஏற்றினோம், கல் மாதிரி உட்கார்ந்திருந்தான். வலதுக்குக் கொடுக்கும் ஒலியை நல்ல காது பிடித்துவிடாதபடி இடது காதில் இரைச்சல் கொடுக்கும் மாஸ்கிங் கூட இன்னும் தொடங்கவில்லை. உண்மையிலேயே ஒரு காது செத்துப்போனவர் இந்த இடத்தில் பட்டனை அழுத்தியிருப்பார். ஏனென்றால் சாதாரண ஹெட்போனில் ஒலி அந்த அளவுக்கு ஏறும்போது மண்டையோட்டைக் கடந்து நல்ல காதுக்குப் போய்விடும், சிலருக்கு 40 டெசிபல் வித்தியாசமே போதும். மாஸ்கிங் வகுப்பில் இதைத் தொல்லையாகவே நினைத்திருந்தேன், அன்றைக்கு அதுவே துப்பு கொடுத்தது. ஸ்டெங்கர் சோதனை செய்ததில் உறுதியானது: இரண்டு காதிலும் ஒரே டோனைச் சேர்த்துக் கொடுத்து வலதில் மட்டும் சத்தத்தைக் கூட்டினால், வலது காது கேட்கிறவருக்கு அது மட்டும்தான் கேட்கும். வலதில் கேட்பதாகச் சொல்ல மனமில்லாததால் அவன் பேசாமல் இருந்தான், ஆனால் இடதில் போன டோன் அவனுக்குத் தனியாகக் கொடுத்தால் நிச்சயம் கேட்கிற அளவு.

எங்கள் மேற்பார்வையாளர் அவனிடம் "பொய் சொல்கிறாய்" என்று சொல்லவில்லை. "இயந்திரத்தை மறுபடி சரிபார்த்தோம், இன்னொரு தடவை செய்யலாமா" என்றார். இரண்டாம் முறை எல்லாம் இயல்பு. அப்புறம் பள்ளியில் என்ன நடக்கிறது என்று அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். இந்த நாசூக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை, எனக்கு இன்னும் முழுதாகக் கைவரவும் இல்லை.

* * *

அடுத்த வருடம் சேரப்போகிறேன். லாகரிதம் என்றாலே எனக்கு உதறல். சமாளிக்க முடியுமா?

* * *

தாராளமாக. டெசிபல் லாகரிதக் கணக்குதான், ஆனால் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். ஒலி அழுத்தம் இரட்டிப்பானால் 6 டெசிபல் கூடும், ஒலிச் செறிவு இரட்டிப்பானால் 3. பூஜ்யம் டெசிபல் என்றால் நிசப்தம் இல்லை, இளவயதில் நல்ல காதுள்ளவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் சராசரி அளவு. அதனால் மைனஸ் 5இல் பட்டனை அழுத்துகிறவர்களும் வருவார்கள், பதறாதே. கணக்கு இவ்வளவோடு பெரும்பாலும் முடிந்தது. ஹெட்போன் மாட்டும் முன் மூக்குக்கண்ணாடி, கம்மல் இரண்டையும் கழற்றச் சொல்வதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள், அதை இப்போதே மனப்பாடம் செய்துகொள்.