மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி: குடியாத்தம் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

வணக்கம். என் அக்கா மகனுக்கு 9 வயது. 3 மாதத்துக்கு முன் காய்ச்சல், அப்புறம் வலிப்பு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். நெல்வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் வைரஸ். இந்தியாவில் இது மனிதரிடம் முதலில் கண்டறியப்பட்டதே 1955இல் நம் வட ஆர்க்காட்டில்தான். வைரஸை ஒழிக்கத் தனி மருந்து கிடையாது. பிள்ளை பிழைத்துவிட்டான், அதுவே பெரிது. ஆனால் வலது கை விறைத்தே இருக்கிறது. 'அம்மா' என்று சொல்லவே திணறுகிறான்.

வாரம் மூன்று முறை வேலூருக்கு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதில் அக்காவின் பீடி வேலையும் நின்றுபோனது. குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கம் குழந்தைகளுக்குப் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் தருபவர்கள் யாரையாவது தெரியுமா? இதே நோயிலிருந்து மீண்ட பிள்ளைகளின் பெற்றோர் இருந்தால், வீட்டில் என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் சரி.