வெந்தயத்தில் கிருமி கிடைத்ததா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார்: "கிருமியின் ஜீனோமை, அதாவது அதன் மரபணு எழுத்து முழுவதையும், படித்தால் நோயின் மூலம் மூன்றே நாளில் தெரிந்துவிடும். 2011-ல் ஜெர்மனியில் அப்படித்தான் பிடித்தார்கள்." படித்ததும் குடித்த காபி கசந்துவிட்டது. அந்த மே மாதம் ஹாம்பர்க் பக்கம் ரத்தபேதி, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஜனங்கள் ஆஸ்பத்திரியில் குவிந்தார்கள். முதலில் ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல் பழி. சோதித்துப் பார்த்தால் அதில் இருந்தது வேறு வகைக் கிருமி. அதற்குள் ஸ்பெயின் விவசாயி தெருவுக்கு வந்துவிட்டார். அப்புறம் எது பிடித்தது? பில் புத்தகம். ஒரே ஓட்டலில் சாப்பிட்ட குழுக்களை எடுத்துக்கொண்டு, யார் தட்டில் என்ன போட்டீர்கள் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். முளைதானியம் பரிமாறப்பட்டவர்களுக்கு நோய் வந்தது மற்றவர்களைவிட 14 மடங்கு அதிகம். அந்த முளை எங்கே வாங்கியது என்று பில்லைத் தொட்டுக்கொண்டே போனால் ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் ஒரு பண்ணை. அதற்கு விதை எங்கிருந்து? எகிப்து வெந்தயம். இதில் ஏ, சி, ஜி, டி என்ற மரபணு எழுத்து எங்கே ஐயா வந்தது?

ஜீனோம் கார்த்தி:
அந்தத் "தம்பி" நான்தான் சார். பெயர் சொல்லியே திட்டலாம். அந்தக் கிருமி ஓ104:எச்4 வகை ஈ.கோலை, குடலில் வாழும் பாக்டீரியா. சீனாவின் ஷென்சென் நகரத்து பி.ஜி.ஐ. மரபணு ஆய்வு நிறுவனமும் ஹாம்பர்க் மருத்துவமனையும் சேர்ந்து மூன்று நாளில் படித்து, ஜூன் 2-ம் தேதி வெளியிட்டு, யார் வேண்டுமானாலும் ஆராயலாம் என்று இணையத்திலேயே போட்டார்கள். குடல் சுவரில் கொத்தாக ஒட்டிக்கொள்ளும் ஒரு பழைய வகை, வைரஸ் ஒன்று கொண்டுவந்த, சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஷிகா நச்சை வாங்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தது அப்படித்தான். மூலம் என்றால் இதுதான் மூலம். சரி, உங்கள் பில் புத்தகத்துக்கே வருகிறேன். அந்த எகிப்து வெந்தயத்தைச் சோதித்தார்களே, அதில் கிருமி கிடைத்ததா, இல்லையா?

கணக்குப்பிள்ளை:
விதையில் கிடைக்கவில்லை. அதனால் என்ன? கிடைத்த சாட்சி போதாதா? பண்ணையில் வேலை செய்தவர்களுக்கே நோய் வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிக் குழுக்களைப் பின்தொடர்ந்தால் எல்லாத் தடமும் அதே பண்ணை வாசலில் போய் நின்றது. ஜூன் கடைசியில் பிரான்ஸில் போர்டோ பக்கத்தில் சிலருக்கு அதே நோய். அவர்கள் தின்றதும் முளைதான். இரண்டு நாட்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் ஒரே வெந்தயச் சரக்கு என்று தெரிந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே ஜூலை 5-ல் சொல்லிவிட்டது.

ஜீனோம் கார்த்தி:
"சொல்லிவிட்டது" வேறு, கிருமி கிடைப்பது வேறு. கிடைத்ததா, இல்லையா?

தமிழாசான்:
இருவரும் பொறுத்தருள்க. "ஜீனோம்" என்ற சொல் எதற்கு? "மரபணுத்தொகை" இருக்கிறது. சென்ற முறையும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

பழைய நண்டு:
தொகை என்றால் பணம் ஐயா. மரபணுவுக்கு வட்டி போடுவீர்களா? "மரபணுத்தொகுதி" என்று சொல்லுங்கள்.

தமிழாசான்:
எட்டுத்தொகையில் இருப்பது பணமா? உங்களுக்குப் பதில் சொல்வதில்லை என்று போன பொங்கலுக்கே முடிவு செய்தேன். தவறிவிட்டது.

மீனா_கோவை:
ஒரு சந்தேகம். எங்கள் அப்பா சர்க்கரைக்குத் தினமும் முளைகட்டிய வெந்தயத்தைப் பச்சையாகச் சாப்பிடுகிறார். நிறுத்தச் சொல்ல வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
கார்த்தி, "கிடைத்ததா, கிடைத்ததா" என்று கிளிப்பிள்ளை மாதிரி கேட்காதீர்கள். கிடைத்தது. ஜெர்மனியின் ரைன்-சீக் மாவட்டத்தில் ஒரு வீட்டுக் குப்பைத்தொட்டியில், அதே பண்ணையின் முளைப் பொட்டலத்தில் ஓ104 கிடைத்தது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜீனோம் கார்த்தி:
திறந்த பொட்டலம் சார். அந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே நோய். அவர்கள் கையிலிருந்தே பொட்டலத்துக்குப் போயிருக்கலாம். அதோடு அது முளை. நான் கேட்டது விதை.

கணக்குப்பிள்ளை:
முளை விதையிலிருந்து வராமல் வானத்திலிருந்தா குதிக்கும்? 26 வருடம் உணவுக் கிடங்குகளில் சரக்குப் பதிவேடு பார்த்தவன் நான். ஒரு மூட்டையில் நாலு மணியில் கிருமி இருக்கும், நீங்கள் அள்ளுகிற பிடியில் அந்த நாலும் வராது. ஆனால் ஈரத்துணியில் கட்டி, வெதுவெதுப்பில் மூன்று நாள் வைத்தால் விதை முளைப்பதற்கு முன்னால் கிருமி முளைத்துவிடும். இது ஆய்வகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரியாது. மூட்டை தூக்கியவனுக்குப் புரியும். சந்தேகம் விழுந்த சரக்கு 15 டன், 2009-லேயே ஜெர்மனிக்கு வந்து இறங்கியது. பெரும்பகுதி விற்றும் தின்றும் தீர்ந்த பிறகு கைக்கு அகப்பட்டதைச் சோதித்தால் என்ன கிடைக்கும்? அங்கே செத்தது ஐம்பது பேருக்கு மேல், படுத்தது 3,800 பேருக்கு மேல். உங்கள் ஜூன் 2-ம் தேதி மரபணு எழுத்து வரிசை "முளையைத் தின்னாதே" என்று ஒருவரிடமாவது சொன்னதா? ஜூன் 5-ல் முளையைக் காட்டிக்கொடுத்தது பில். ஜூன் 10-ல் வெள்ளரி, தக்காளியை விடுதலை செய்ததும் அந்த விசாரணைதான்.

ஜீனோம் கார்த்தி:
நீளமாக எழுதினால் உண்மையாகிவிடாது. ஜெர்மனிக் கிருமியும் பிரான்ஸ் கிருமியும் ஒரே குடும்பம் என்று எதை வைத்துச் சொன்னார்கள், பில்லை வைத்தா? பின்னால் முழு வரிசையை ஒப்பிட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. ஜெர்மனியில் அத்தனை நோயாளிகளிடமும் கிருமி ஏறக்குறைய அச்சு அசல் ஒன்றே. பிரான்ஸில் நோயாளிகள் விரல் விட்டு எண்ணலாம், ஆனால் கிருமிக்குள் வேறுபாடு அதிகம். உங்கள் பில் இதைச் சொல்லுமா?

பழைய நண்டு:
அப்படியென்றால் ஒரே சரக்கிலிருந்து வந்ததா என்பதே இடிக்கிறதே. கார்த்தி தன் காலிலேயே சுட்டுக்கொண்டார்.

ஜீனோம் கார்த்தி:
நண்டு அண்ணே, காசநோய் விவாதத்தில் உங்களைத் திருத்தியது இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது. ஹெச்37ஆர்வி என்ற காசநோய்க் கிருமியின் ஜீனோம் வெளியானது 1998-ல்தான், 2001-ல் இல்லை. இப்போதும் 1998-ல்தான்.

பழைய நண்டு:
தட்டச்சுப் பிழை என்று அன்றைக்கே சொன்னேன்.

கணக்குப்பிள்ளை:
நண்டு, நடுவில் வராதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். கார்த்தி, வேறுபாடு ஏன் என்று உங்கள் ஆட்களுக்கே பல யூகம். யூகத்தை வைத்துக்கொண்டு என்னிடம் ஆதாரம் கேட்கிறீர்கள். ஸ்பெயின் வெள்ளரிக்காரருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை எந்த எழுத்து வரிசை ஈடு கட்டியது? விவசாயிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 21 கோடி யூரோ ஒதுக்க வேண்டி வந்தது.

ஜீனோம் கார்த்தி:
வெள்ளரியில் இருந்தது வேறு வகை என்று காட்டியதே ஆய்வகம்தான் சார், பதிவேடு இல்லை.

கணக்குப்பிள்ளை:
அது சாதாரண வகை சோதனை. முழு ஜீனோம் இல்லை. மே 31-ல் வந்துவிட்டது. உங்கள் ஜூன் 2-க்கு முன்னால். தேதியைப் பாருங்கள்.

தமிழாசான்:
முழு மரபணுத்தொகை.

மீனா_கோவை:
வெந்தயம் பற்றிக் கேட்டேன். யாராவது சொல்லுங்கள். அப்பா காலையில் ஒரு கிண்ணம் ஊறவைத்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, ஒரு கொதி விட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள். பச்சையாக வேண்டாம்.

ஜீனோம் கார்த்தி:
கொதிக்க வைப்பது நல்லதுதான். ஆனால் வெந்தயத்தில் கிருமி கிடைக்கவில்லை என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். இரவு சாப்பிட்டுவிட்டு வருகிறேன், இருங்கள். பதிவேட்டுக் கதை இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.