நேர மேலாண்மை: இணையத்தில் எதை நம்புவது?

கேத்தி கேரட்:
காலையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை, மதியத்துக்கு மேல் தேயிலைத் தோட்டம். ரெண்டையும் ஒழுங்குபடுத்த வழி தேடினால், யூடியூபில் ஒருத்தர் 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்கிறார், அடுத்தவர் 66 நாள் என்கிறார். ரெண்டு பேருமே ‘ஆய்வு சொல்லுது’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நம்பிப் படிக்க நாலைந்து தளம் சொல்லுங்கள்.

மூலம் தேடி:
தளப் பட்டியல் வேண்டாம். நல்ல தளத்திலும் மோசமான கட்டுரை இருக்கும். எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போங்கள்.

21 எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து. அறுவைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததை எழுதினார். பழக்கங்களை வைத்துச் சோதனை எதுவும் செய்யவில்லை.

66 என்பது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு செய்த ஆய்வு, 2009இல் இணையத்தில் வெளியானது. 96 பேர், 84 நாள். 66 என்பது நடுமதிப்பு; பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்கு மேல். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிகிறது. 84 நாள் ஆய்வில் 254 எப்படி வரும்? பழக்கம் நாளுக்கு நாள் கூடுவதைக் காட்டும் வளைகோட்டை நீட்டிப் போட்ட மதிப்பீடு அது. 66ஐ மட்டும் சொல்லிவிட்டு இந்த விரிவைச் சொல்லாத பக்கத்தை மூடிவிடலாம்.

செய்முறை இதுதான். பக்கத்தில் ஆய்வாளர் பெயரும் ஆண்டும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, பெயர் கிடைக்கும் வரை போங்கள். கிடைத்ததும், ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் பெயர், ஆண்டு, பொருள் மூன்றையும் அடியுங்கள். கட்டுரைக்குக் கீழே, அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு இருக்கும். அதற்குள் ‘ரெப்ளிகேஷன்’, ‘மெட்டா அனாலிசிஸ்’ என்று ஆங்கிலத்தில் தேடினால், பிறகு யாராவது திருப்பிச் செய்து பார்த்தார்களா, பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்று தெரியும். பணம் கேட்டால் ‘எல்லாப் பதிப்புகளும்’ என்பதைத் தட்டுங்கள்; பல நேரம் இலவச பிடிஎஃப் கிடைக்கும்.

ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தையும், அது மறுபடி முதல் பக்கத்தையும் காட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தால் மூலமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொழுந்துக் கூடை:
மூலம் அண்ணா, அந்த 96 பேர் கதையை முழுசா சொல்லுங்க. 82 பேர்தான் போதிய தரவு கொடுத்தாங்க. அதுல 62 பேருக்குத்தான் வளைகோடு போட முடிஞ்சது, நல்லாப் பொருந்தினது 39 பேருக்கு. அந்த 39 பேரோட நடுமதிப்புதான் உங்க 66. செஞ்சது என்ன? சாப்பாட்டோட பழம், தண்ணி, கொஞ்சம் உடற்பயிற்சி. இலை எடுக்கிற நாள்ல பேக்டரி வண்டி எப்ப வருதோ அதுக்குள்ள மூட்டை ரோட்டுக்கு வரணும். இந்த நெருக்கடி அந்தக் கட்டுரையில எங்க இருக்கு?

கேரட், நான் பார்க்கிறது வேற. தடங்கல் வந்தா என்ன செய்யணும்னு அந்தப் பக்கம் சொல்லுதா? பொமோடோரோங்கிற நேர முறையை எடுத்துக்குங்க. 1980கள் கடைசியில இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோ உண்டாக்கினது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு, நாலு சுத்து முடிஞ்சா 15லிருந்து 30 நிமிஷம். இதுவரைக்கும் எல்லாப் பக்கமும் எழுதும். நடுவுல வேலை முறிஞ்சா அந்தச் சுத்து கணக்குல வராது, முதல்லேருந்து ஆரம்பிக்கணும்ங்கிறது அவரோட விதி. அதைப் பாதிப் பேர் விட்டுடறாங்க. அந்த ஒரு வரி தெரிஞ்சாத்தான் வண்டி வர்ற மதியத்துக்கு இது ஆகாது, காலைக் கணக்கு வேலைக்கு ஆகும்னு முடிவு பண்ண முடியும்.

நேர மேலாண்மை பத்தி எழுதுற டேவிட் ஆலனோட ரெண்டு நிமிஷ விதியும் அப்படித்தான். ரெண்டு நிமிஷத்துல முடியறதை உடனே முடின்னு 2001 புத்தகத்துல சொன்னார். வந்து சேர்ந்ததையெல்லாம் உக்காந்து பிரிக்கிற நேரத்துக்குச் சொன்னது அது. நாள் பூரா கடைப்பிடிச்சா சின்ன வேலை மட்டும் நடக்கும், ஜிஎஸ்டி கணக்கு அப்படியே கிடக்கும். இதுக்கு லேப் ஆய்வு எதுக்கு? ரெண்டு வாரம் செஞ்சு பார்த்தாப் போதும்.

மூலம் தேடி:
எது புதுசாக ஆரம்பித்தாலும் ரெண்டு வாரம் நன்றாகத்தான் ஓடும். ஜனவரியில் உறைபனி விழுந்து இலை குறைந்திருக்கும்போது ஒரு செயலியை ஆரம்பித்தால், வேலை குறைந்த நிம்மதிக்கு அந்தச் செயலி பெயர் வாங்கிக்கொள்ளும். பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பாருங்கள். முதல் ரெண்டு வாரம் எதையும் மாற்றாமல் குறிப்பு மட்டும். அதன் பிறகு ஞாயிறுதோறும் காசு சுண்டி, தலை விழுந்த வாரம் புது முறை, பூ விழுந்த வாரம் பழைய முறை. உட்கார்ந்த மணி நேரத்தை எழுதாதீர்கள், முடித்த வேலையை எண்ணுங்கள். எட்டு வாரமாவது வேண்டும்.

கூடலூர் மழை:
இடையில் புகுகிறேன். விற்பனைக்காரர்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் சொல்லவில்லையே. வீடியோவுக்குக் கீழே முதல் இணைப்பு எங்கே போகிறது என்று பாருங்கள். அவர் சொல்லும் நோய்க்கு அவர் விற்கும் கோர்ஸ் மட்டுமே மருந்தாக இருந்தால், வெளியே வந்துவிடலாம்.

அப்புறம் ரெண்டு பிரபலப் பொய்கள். ‘1953இல் யேல் மாணவர்களில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் பிற்காலத்தில் மற்ற எல்லோரையும் விட அதிகம் சம்பாதித்தார்கள்’ என்பது நடக்கவே நடக்காத ஆய்வு. ‘ஒரு தடங்கலிலிருந்து மீள 23 நிமிடம் 15 வினாடி’ என்பதற்கு ஆய்வாளர் குளோரியா மார்க்கின் 2008 கட்டுரையைக் காட்டுவார்கள். அதில் அந்த எண்ணே கிடையாது. தடங்கலுக்கு உள்ளானவர்கள் வேலையை வேகமாகவே முடித்தார்கள், ஆனால் மன அழுத்தம் கூடியது என்பதுதான் அதன் முடிவு.

எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் கரண்ட்டும் டவரும் சேர்ந்தே போகும். படிக்க வேண்டியதை பிடிஎஃப்பாக இறக்கி வையுங்கள். விக்கிபீடியாவுக்குக் கிவிக்ஸ் என்ற செயலி இருக்கிறது, நெட் இல்லாமலே திறக்கும்.

கொழுந்துக் கூடை:
ஆய்வு ஆய்வுன்னு சொல்றீங்களே, மன உறுதி பேட்டரி மாதிரி தீர்ந்துபோகும்னு 1998ல உளவியலாளர் பாமைஸ்டர் குழு ஆய்வுதான் போட்டாங்க. எத்தனை பேர் அதை வச்சு ‘கஷ்டமான வேலையைக் காலையிலயே முடி’ன்னு எழுதினாங்க! 2016ல 23 ஆய்வுக்கூடங்கள்ல ரெண்டாயிரத்துக்கும் மேல ஆளுங்களை வச்சுத் திருப்பிப் பார்த்தா, விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம். பதினெட்டு வருஷம் பேப்பரை நம்பினவன் என்ன ஆனான்?

மூலம் தேடி:
அதனால்தான் மேற்கோள் பட்டியலுக்குள் தேடச் சொன்னேன். 2016 கட்டுரை அங்கேதான் அகப்படும். ஒற்றை ஆய்வை நம்பச் சொல்லவில்லை.

திருப்பிப் பார்த்தும் நிற்பது ஒன்று சொல்கிறேன். ‘இது நடந்ததும் அதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது. கோல்விட்சர், ஷீரன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள்; பலன் நடுத்தரத்துக்கு மேல். வெற்றி பெற்ற ஆய்வுகளே அதிகம் வெளியாகும் என்பதால் கொஞ்சம் குறைத்தே வையுங்கள். இதற்குக் கடிகாரமே தேவையில்லை. ‘ஆறு மணிக்கு ரசீது பதிவு’ என்றால் வண்டி தாமதமான அன்றே உடையும். ‘எடை போட்டு வண்டி கிளம்பியதும், கூடையை மாட்டிவிட்டு, ரசீதைப் பதிவேன்’ என்றால் வண்டி எப்போது போனாலும் நிற்கும். நீங்கள் கேட்ட நெருக்கடிக்கு விடை அந்தப் பேப்பரில்தான் இருந்தது.

கொழுந்துக் கூடை:
வண்டி கிளம்பினதும்ங்கிறதை ஏத்துக்கறேன். ஆனா தமிழ் மட்டும் படிக்கிறவங்க ஸ்காலர்ல என்ன பண்ணுவாங்க? தமிழ்ப் பக்கங்கள்ல முக்கால்வாசி அந்த 21 நாள் சமாச்சாரத்தோட மொழிபெயர்ப்புதான்.

மூலம் தேடி:
சுருக்கத்தை மட்டும் கூகுள் மொழிபெயர்ப்பில் போடலாம். ‘இல்லை’ எங்காவது விழுங்கப்பட்டால் முடிவே தலைகீழாகும், எண்களை மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். இதற்கு மேல் நல்ல வழி என்னிடம் இல்லை.

கேத்தி கேரட்:
அப்போ ‘வண்டி கிளம்பியதும்’ முறையை வாரா வாரம் காசு சுண்டிப் பார்த்தால் சரியா?

கொழுந்துக் கூடை:
வாரம் வேண்டாம். ஒரு பறிப்புலேருந்து அடுத்த பறிப்பு வரைக்குமான இலைச் சுத்து பத்து நாளும் ஆகும், பதினஞ்சு நாளும் ஆகும். ஒரு வாரத்துல நாலு நாள் பறிப்பு, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னா எதை எதோட ஒப்பிடுவீங்க? சுத்துக்கு ஒரு தடவை காசு சுண்டுங்க.

மூலம் தேடி:
சுற்றுக்கு ஒரு தடவை என்பதுதான் சரி, என் எட்டு வாரக் கணக்கை விட்டுவிடுங்கள். ஆறு சுற்றாவது பாருங்கள், செடியைத் தாழ்வாக வெட்டிவிடும் மட்டக் கவாத்து மாதத்தைச் சேர்க்காதீர்கள்.