இரண்டு வால்வு ஹெட்டைத் திருத்துவதா, நான்கு வால்வு ஹெட்டுக்கு மாறுவதா?

தனிச்சிலிண்டர்:

வணக்கம். என்னிடம் இருப்பது காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 87 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு) 84 மி.மீ., கொள்ளளவு 499 சிசி. ஹெட்டில், அதாவது சிலிண்டரின் மேல்மூடியில், வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம், இரண்டு வால்வுகள், அரைக்கோள வடிவ எரியறை. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் விட்டம் 47 மி.மீ., அதற்குச் செல்லும் போர்ட்டின் (காற்றுப்பாதையின்) விட்டம் 38 மி.மீ. வண்டி பெரும்பாலும் 3000 முதல் 6000 ஆர்.பி.எம். வரையில்தான் ஓடுகிறது.

எஞ்சினை முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கும் இந்த வேளையில் ஹெட்டையும் மேம்படுத்த எண்ணுகிறேன். என் முன் இரண்டு வழிகள் உள்ளன. இருக்கும் ஹெட்டின் இன்டேக் போர்ட்டை 42 மி.மீ. வரை அகலப்படுத்துவது ஒன்று. கிட்டத்தட்ட இதே போர் அளவுள்ள வேறொரு எஞ்சினின் நான்கு வால்வு ஹெட்டைப் பொருத்துவது மற்றொன்று. நான்கு வால்வுதான் சிறந்தது என்று பலரும் சொல்கிறார்கள். காரணம் கேட்டால், காற்று அதிகம் போகும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எந்த வேகத்தில், எவ்வளவு, எதனால் என்று புரிந்துகொண்ட பிறகே உலோகத்தில் கைவைக்க விரும்புகிறேன். கடைந்தெடுத்த அலுமினியத்தை மீண்டும் அதே இடத்தில் வைப்பது எளிதன்று.

காற்றோட்டம்:

காற்று அதிகம் போகும் என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். வால்வு திறக்கும்போது காற்று நுழையும் வழி, வால்வின் விளிம்புக்கும் அது மூடும்போது அமரும் சீட்டுக்கும் இடையே விரியும் வளைய இடைவெளிதான். அதன் பரப்பு, வால்வின் சுற்றளவை லிஃப்டால் (வால்வு திறந்து நகரும் தொலைவால்) பெருக்கக் கிடைப்பது. உங்கள் 47 மி.மீ. வால்வின் சுற்றளவு ஏறத்தாழ 148 மி.மீ. உங்கள் போர் அளவுக்குள் 34 மி.மீ. இன்டேக் வால்வுகள் இரண்டை அமைக்க முடியும் என்று கொண்டால், இரண்டின் சுற்றளவும் சேர்ந்து ஏறத்தாழ 214 மி.மீ. ஆகிறது. தலைப்பரப்பைக் கணக்கிட்டால் வேறுபாடு 5 விழுக்காட்டுக்குள்தான் இருக்கும். சுற்றளவிலோ 45 விழுக்காடு கூடுகிறது. ஆகவே 5 மி.மீ. லிஃப்டில் உங்கள் ஹெட் 740 சதுர மி.மீ. அளவுக்கு வழிவிட்டால், நான்கு வால்வு ஹெட் 1070 சதுர மி.மீ. அளவுக்கு வழிவிடும்.

லிஃப்ட், வால்வின் விட்டத்தில் நான்கில் ஒரு பங்கை எட்டும்போது இந்த வளையப் பரப்பு தலைப்பரப்புக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் திறப்பதால் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போகும். உங்கள் வால்வு அந்த நிலையை அடைய 11.75 மி.மீ. திறக்க வேண்டும்; 34 மி.மீ. வால்வுக்கு 8.5 மி.மீ. போதும். சிறிய வால்வு எடையும் குறைந்தது என்பதால், அதே வலிமையுள்ள ஸ்பிரிங் அதை இன்னும் உயர்ந்த ஆர்.பி.எம். வரை கேமோடு ஒட்டியே வைத்திருக்கும். நான்கு வால்வின் உண்மையான வலிமை, குறைந்த லிஃப்டில் விரைவாகத் திறக்கும் இந்த வழியும் வேகம் கூடும்போது அது தரும் பாதுகாப்பும்தான்.

வால்வுகளைக் கூட்டிக்கொண்டே போனால் பயனும் கூடிக்கொண்டே போகும் என்பதில்லை. யமஹா 1985-இல் எஃப்இசட்750 எஞ்சினில் சிலிண்டருக்கு ஐந்து வால்வுகள் வைத்தது. பிறகு பல ஆண்டுகள் அந்த அமைப்பைப் பேணி வந்த அதே நிறுவனம், 2007-இல் வந்த ஆர்1 எஞ்சினில் நான்கு வால்வுக்குத் திரும்பியது. மூன்று இன்டேக் வால்வுகளை நெருக்கி அமைக்கும்போது எரியறையின் வடிவத்தை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதாகிறது.

சுடர்ப்பாதை:

மேலே உள்ள கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உள்ளே வந்த காற்றும் எரிபொருளும் எப்படி எரிகின்றன என்பதைப் பேசாமல் ஹெட்டை ஒப்பிட முடியாது என்பதில் உறுதியாக இருக்கிறேன், ஏனெனில் 6000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே ஓடும் எஞ்சினில் பெரும்பாலும் அங்கேதான் ஆற்றல் வீணாகிறது.

அரைக்கோள எரியறையில் இரண்டு வால்வுகளும் அகன்ற கோணத்தில் சாய்ந்திருக்கும். அதனால் பெரிய வால்வுகளுக்கு இடம் கிடைக்கிறது, ஆனால் எரியறை ஆழமாகிவிடுகிறது. கம்ப்ரஷனை (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) உயர்த்த வேண்டுமானால் பிஸ்டனின் தலையை மேடாக்க வேண்டும். அப்போது எரியறை, கவிழ்த்த கிண்ணத்துக்குள் இன்னொரு கிண்ணத்தைச் செருகியதைப் போல மெல்லிய தோல் வடிவமாகிவிடுகிறது. ஒரு பக்கத்தில் உள்ள பிளக்கிலிருந்து கிளம்பும் சுடர் அந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் செல்ல வேண்டும். போகும் வழியெல்லாம் உலோகப் பரப்பு வெப்பத்தை உறிஞ்சும். கடைசியில் எரிய வேண்டிய கலவை சுடர் வருமுன் தானாகவே வெடித்தால் நாக்கிங் தொடங்கும்.

1967-இல் பந்தயத்துக்கு வந்த டிஎஃப்வி கார் எஞ்சினைக் காஸ்வொர்த் நிறுவனத்தின் கீத் டக்வொர்த் வடிவமைத்தபோது வால்வுகளுக்கு இடைப்பட்ட கோணத்தை 32 டிகிரியாகச் சுருக்கினார். கூரை போன்ற ஆழமற்ற எரியறை, நடுவில் பிளக், ஏறக்குறையத் தட்டையான பிஸ்டன் ஆகியவை ஒன்றுகூடியதால் சுடர் எத்திசையிலும் சம தொலைவே செல்ல வேண்டியிருந்தது. இன்றைய மோட்டார் சைக்கிள் ஹெட்டுகள் பெரும்பாலும் அவ்வழியில் வந்தவையே. பிஸ்டன் உச்சிக்கு வருமுன், கிராங்கின் சுழற்சியில் எத்தனை டிகிரி முன்கூட்டியே ஓர் எரியறைக்குத் தீப்பொறி தேவைப்படுகிறது என்பதை அதன் தரத்துக்கான அளவுகோலாக நான் கொள்கிறேன்: மேடான பிஸ்டன் கொண்ட அரைக்கோள அறை பெரும்பாலும் 35 டிகிரிக்கு மேல் கேட்கும், கச்சிதமான அறை 30 டிகிரிக்குள் வேலையை முடித்துவிடும்.

ஆகவே கேள்வி கேட்ட நண்பர் போர்ட்டைத் தொடுமுன் தம் எரியறையை அளக்க வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மீதமுள்ள கொள்ளளவு என்ன, எரியறையின் விளிம்பில் பிஸ்டனை நெருங்கி நிற்கும் தட்டையான ஸ்க்விஷ் பட்டை உண்டா, உண்டெனில் அங்கே இடைவெளி எவ்வளவு என்பவற்றைத் தெரிவித்தால் மேற்கொண்டு பேசலாம்.

பழையபட்டறை:

வேறு எஞ்சினின் ஹெட்டை மாட்டுவது பற்றி மட்டும் சொல்கிறேன். போர் அளவு ஒத்துப்போவதாலேயே ஹெட் பொருந்திவிடாது. ஹெட்டை இறுக்கும் ஸ்டட்களின் இடைவெளி, கேமைச் சுழற்றும் டைமிங் செயின் ஏறும் குழியின் இடம், எண்ணெய் ஏறும் துளைகளும் திரும்பி இறங்கும் துளைகளும், கேம் ஸ்ப்ராக்கெட்டின் நேர்கோடு என ஒவ்வொன்றும் ஒத்துவர வேண்டும். பிஸ்டனிலும் நான்கு வால்வுகளுக்கான குழிவுகள் புதிதாகத் தேவைப்படும். காற்றால் குளிரும் எஞ்சினில் புகையை வெளியேற்றும் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகளின் சீட்டுகளுக்கு இடையே உள்ள குறுகிய அலுமினியப் பாலம்தான் மிகவும் சூடேறும் இடம். அங்கே காற்றோ எண்ணெயோ போதிய அளவு செல்லாவிட்டால் விரிசல் விழும். ரட்ஜ் நிறுவனம் 1924-இலேயே காற்றால் குளிரும் நான்கு வால்வு மோட்டார் சைக்கிளை விற்றது, 1930-இல் ஐல் ஆஃப் மேன் ஜூனியர் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. ஆகவே முடியாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஹெட் தொடக்கத்திலிருந்தே அந்த எஞ்சினுக்கென வடிவமைக்கப்பட்டது.

போர்ட்டை அகலப்படுத்துவது குறித்து என் அனுபவம் கசப்பானது. ஆண்டுகளுக்கு முன் என் எஞ்சின் ஒன்றில் போர்ட்டைக் கண்ணாடிபோல் வழவழப்பாக்கி, நன்றாக அகலப்படுத்தினேன். உச்ச வேகத்தில் சிறிதளவு பலன் தெரிந்தது. கீழே இருந்த இழுவை போய்விட்டது. அந்த ஹெட்டை இன்றுவரை திருத்த முடியவில்லை.

காற்றோட்டம்:

அந்த இழுவை ஏன் போனது என்பதை எண்களாலேயே காட்டலாம். இந்த எஞ்சினின் பிஸ்டன் 3500 ஆர்.பி.எம்.மில் சராசரியாக நொடிக்கு 9.8 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. அதனால் 38 மி.மீ. போர்ட்டில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு ஏறத்தாழ 51 மீட்டர், 42 மி.மீ. ஆக்கினால் 42 மீட்டராகக் குறைந்துவிடும். அதாவது 18 விழுக்காடு இழப்பு. பிஸ்டன் கீழே சென்று திரும்பத் தொடங்கிய பிறகும் காற்று தன் உந்தத்தால் தொடர்ந்து உள்ளே நுழைவதே சிலிண்டரை நிரப்புகிறது. வேகம் குறைந்தால் உந்தமும் குறைகிறது. மேலும் 38 மி.மீ. என்பது 47 மி.மீ. வால்வுக்குப் பொருத்தமான அளவே, ஏறத்தாழ 81 விழுக்காடு. எனவே விட்டத்தைத் தொடாதீர்கள்.

கவனிக்க வேண்டிய இடம், போர்ட் வால்வை நோக்கி இறங்கும் உட்பக்க வளைவு. வாய்க்கால் திரும்பும் இடத்தில் நீர் வெளிக்கரையை மோதிக்கொண்டு ஓட, உட்கரையில் தேங்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். கூர்மையான வளைவில் காற்றும் அப்படியே சுவரை விட்டு விலகுகிறது. அந்த விளிம்பை மெல்ல உருட்டிவிட்டு, சீட்டை 45 டிகிரியில் வெட்டி, எரியறைப் பக்கம் 30 டிகிரியும் போர்ட் பக்கம் 60 டிகிரியுமாக வெட்டுவது, குறைந்த லிஃப்டில் நல்ல பலன் தரும்.

தனிச்சிலிண்டர்:

அனைவருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மொத்தம் 66.5 சிசி, கம்ப்ரஷன் 8.5 என்று வருகிறது. எரியறையின் விளிம்பில் குறுகிய தட்டைப் பட்டை ஒன்று இருக்கிறது. ஈயக் கம்பி வைத்துச் சுற்றிப் பார்த்ததில் அங்கே இடைவெளி 2.2 மி.மீ.; பிஸ்டன் சிலிண்டர் முகப்புக்கு 1.2 மி.மீ. கீழே நிற்கிறது, மீதி 1 மி.மீ. கேஸ்கெட்.

சுடர்ப்பாதை:

நீங்கள் தேடிய முன்னேற்றம் இந்த 2.2 மி.மீ.யில்தான் இருக்கிறது. இத்தனை இடைவெளி இருந்தால் அந்தப் பட்டை எந்த வேலையும் செய்யாது. கலவை அங்கே ஒதுங்கி, சுடரால் எட்ட முடியாமல் கிடக்கும். இடைவெளி 1 மி.மீ. ஆனால், பிஸ்டன் மேலேறும்போது அங்குள்ள கலவை பிளக்கை நோக்கிப் பிதுங்கிப் பாய்ந்து, சுடரை வேகப்படுத்தும். சிலிண்டரின் மேல் முகப்பிலிருந்து 1.2 மி.மீ. கடைந்தால் போதும். உங்கள் போர் அளவுக்கு 1 மி.மீ. என்பது 5.94 சிசி, ஆக 7.1 சிசி குறைந்து 59.4 சிசி மிஞ்சும், கம்ப்ரஷன் 9.4 ஆகும். பிஸ்டனை மேடாக்காமலேயே இது கிடைக்கிறது.

இதில் இரண்டு விளைவுகளைக் கவனிக்க வேண்டும். ஹெட் கீழிறங்குவதால் கேமும் கிராங்கை நெருங்கி, வால்வுகள் திறந்து மூடும் டைமிங் பின்தங்கும். கேம் ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 35 மி.மீ. என்றால் கேமில் ஏறத்தாழ 2 டிகிரி, கிராங்கில் 4 டிகிரி. உங்கள் வேக வரம்புக்கு அது நேர் எதிரான மாற்றம், ஏனெனில் இன்டேக் வால்வு தாமதமாக மூடும்போது கீழ் வேகத்து இழுவை குறைகிறது. ஆகவே ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் துளைகளை நீளத் துளைகளாக்கி, டிகிரி வட்டு வைத்து, டைமிங்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள்.

வால்வுகளும் பிஸ்டனை 1.2 மி.மீ. நெருங்கும். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பதிந்த இடத்தைக் குறுக்கே வெட்டி அளவு பாருங்கள். இன்டேக் பக்கம் 1.5 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2 மி.மீ. என்பதற்குக் குறைந்தால் பிஸ்டனில் உள்ள குழிவை ஆழப்படுத்துங்கள். அப்படி எடுத்த கொள்ளளவைக் கம்ப்ரஷன் கணக்கில் மீண்டும் சேர்க்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தீப்பொறியை முன்பு இருந்ததைவிட 3, 4 டிகிரி தாமதமாக வைத்துத் தொடங்கி, சுமையேற்றி நாக்கிங் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஒவ்வொரு டிகிரியாக முன்னே நகர்த்துங்கள். இழுவை கூடுவது நின்ற இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.