புறநகர் சிக்னல் இழப்பு: கணிப்பு 11 டெசிபெல் பிசகுவது ஏன்?

கேள்வி

1800 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு கோபுரத்தின் சிக்னல் புறநகர்ப் பகுதியில் எவ்வளவு தொலைவு எட்டும் என்று கணிக்க முயல்கிறேன். ஆன்டெனாவின் உயரம் 18 மீட்டர். அதிர்வெண், தொலைவு, ஆன்டெனா உயரம் ஆகியவற்றைக் கொண்டு கணிக்கும் காஸ்ட்-231 ஹாட்டா சூத்திரத்தால் பாதை இழப்பை (வழியில் சிக்னல் இழக்கும் வலிமையை, டெசிபெல்லில்) கண்டு, அதிலிருந்து, புறநகரில் இழப்பு குறைவு என்பதற்காக ஹாட்டா தந்த புறநகர்த் திருத்தத்தைக் கழித்தேன். பின்னர் 300 மீட்டர் முதல் 3 கிலோமீட்டர் வரை தெருத்தெருவாகச் சென்று அளந்தபோது, கிடைத்த சிக்னல் சராசரியாக 11 டெசிபெல் குறைவாகவே இருந்தது. மரங்கள்தாம் காரணமா?

மறுமொழி 1

மரங்களின் மேல் பழி போடுமுன் அந்தத் திருத்தத்தைப் பாருங்கள். அதிர்வெண்ணை 28ஆல் வகுத்து, மடக்கை எடுத்து, அதன் வர்க்கத்தை இரட்டித்து, 5.4ஐக் கூட்டினால் 1800 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 12 டெசிபெல் வருகிறது. உங்கள் பிசகும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். டோக்கியோ வட்டாரத்தில் அளந்து ஒகுமுரா குழுவினர் 1968இல் வெளியிட்ட வளைகோடுகளை 1980இல் ஹாட்டா சூத்திரமாக்கினார். அத்திருத்தம் 1500 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் உரிய அந்தச் சூத்திரத்தைச் சேர்ந்தது. அதை 2000 வரை நீட்டிய காஸ்ட்-231 வடிவத்திலோ நடுத்தர நகருக்கும் புறநகருக்கும், இட வகைக்கேற்பக் கடைசியில் கூட்டும் மாறிலி சுழியம்தான். பெருநகர மையத்துக்கு மட்டும் 3 டெசிபெல் கூடும். இல்லாத சலுகையை நீங்களாகவே எடுத்துக்கொண்டீர்கள். நானும் ஒருமுறை இதே தவறைச் செய்துவிட்டு, இரண்டு நாள் ஆன்டெனா கேபிளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் இரு சூத்திரங்களுமே 30 மீட்டருக்குக் குறையாத ஆன்டெனாவுக்கும் 1 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவுக்கும் உரியவை. 18 மீட்டர் ஆன்டெனாவுக்கு, கூரை உயரத்தையும் தெரு அகலத்தையும் கணக்கில் கொள்ளும் வால்ஃபிஷ்-இகேகாமி முறை பொருந்தும். அது 4 முதல் 50 மீட்டர் உயரத்தையும் 20 மீட்டர் முதல் 5 கிலோமீட்டர் தொலைவையும் ஏற்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி. திருத்தத்தை நீக்கியதும் சராசரிப் பிசகு 1 டெசிபெல்லாகிவிட்டது. ஆனால் ஒரே தொலைவிலுள்ள இரு தெருக்களுக்கிடையே அளவு மிகவும் வேறுபடுகிறது. திட்ட விலக்கம் 8 டெசிபெல்.

மறுமொழி 2

அது கட்டடங்களும் மரங்களும் மறைப்பதால் வரும் நிழல் விளைவு. நீங்கள் முதலில் சந்தேகப்பட்ட மரங்களுக்கு இங்கேதான் பங்குண்டு. தொலைவை மட்டும் வைத்துக் கணிக்கும் எந்தச் சூத்திரமும் இதைப் போக்காது. எல்லையோரத்தில் 90 விழுக்காடு இடங்களிலாவது சிக்னல் கிடைக்க வேண்டுமானால், அந்த 8ஐ 1.28ஆல் (இயல்நிலைப் பரவலில் 90 விழுக்காட்டுக்குரிய எண்) பெருக்கி, சுமார் 10 டெசிபெல்லைக் கூடுதலாக ஒதுக்குங்கள். வீட்டுக்குள் பேசுவோருக்குச் சுவரின் இழப்பைத் தனியே சேர்க்க வேண்டும்.